நகரத்துக்குத் திட்டம்: உங்கள் கடைக்கு இடம் உண்டா?

"சென்னைக்குத் திட்டம் போடுறாங்களாம்" என்று பேச்சு வந்தால், "எங்கே பாலம் வருது? எந்த ரோட்டை அடைக்கப் போறாங்க?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். திட்டம் என்றால் ரோடும் பாலமும் மட்டும் அல்ல. யார் எங்கே கடை போடலாம், வேலைக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதும் அதில் அடங்கி இருக்கிறது.

சந்தேகமா? கொத்தவால்சாவடி கதையைப் பாருங்கள்!

இடம் மாறிய மார்க்கெட்

ஜார்ஜ் டவுனின் குறுகிய சந்துகளில் காய்கறி மொத்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்த இடம் கொத்தவால்சாவடி. லாரி, கைவண்டி, தலைச்சுமை எல்லாம் ஒரே சந்தில் முட்டி மோதும்.

1975-ல் சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் வந்தது. நகரின் நடுவே நெரிசலைக் குறைக்கவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அந்த வழியில்தான் இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தங்காடு, லாரிகளுக்கு மாதவரம், காய்கறிக்குக் கோயம்பேடு என்று இடம் பிரிக்கப்பட்டது.

கோயம்பேடு மார்க்கெட் திறக்கப்பட்டது 1996-ல். மெட்ராஸ், 'சென்னை' என்று பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். சுமார் 295 ஏக்கர் இடம். 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். திட்டம் வந்து 21 ஆண்டு கழித்துத்தான் கடை திறந்தது! அன்று அரைக்கால் சட்டை போட்ட பையன், கடை திறந்தபோது குடும்பஸ்தன்.

லாபம் யாருக்கு?

லாரி நிற்க இடம் கிடைத்தது. வியாபாரிக்குப் புதுக்கடை கிடைத்தது. சந்துகளும் மூச்சு விட்டன. நல்லதுதான்.

ஆனால் சந்தையை நம்பி வியாபாரி மட்டுமா பிழைக்கிறார்? மூட்டை தூக்குபவர், கைவண்டி இழுப்பவர், டீக்கடைக்காரர், கூடை வைத்து விற்கும் பெண்மணி எல்லோருக்கும் அதுதான் சோறு. வண்ணாரப்பேட்டையில் கூடை வியாபாரம் செய்பவருக்குக் கொத்தவால்சாவடி கூப்பிடு தூரம். கோயம்பேடு அப்படியா? வண்டிக்கூலி போக மிச்சம் என்ன?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும் என்பதும் 2020-ல் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் கொரோனா பரவியதால் கோயம்பேடு மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று. ஒரு மார்க்கெட் மூடியதும் ஊர் முழுக்கச் சமையல்கட்டு திணறியது.

நடைபாதைக்கும் சட்டம்

தெருவோர வியாபாரிகளுக்கு என்று 2014-ல் மத்திய அரசு தனிச்சட்டம் கொண்டு வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுக்கவேண்டும். அதுவரை யாரையும் விரட்டக்கூடாது. எங்கே விற்கலாம் என்று 5 ஆண்டுக்கு ஒருமுறை திட்டம் போடவேண்டும். இதற்கான நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேராவது வியாபாரிகளாக இருக்கவேண்டும். அவர்களில் 3-ல் ஒரு பங்கு பெண்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் வியாபாரிகளே!

வாய் திறக்க நேரம்

2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும் போடப்பட்டது. அப்போது பெருநகரின் பரப்பு ஆயிரத்து 189 சதுர கிலோமீட்டர். 2022-ல் அது 5 ஆயிரத்து 904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அடுத்து வரும் மூன்றாவது திட்டம் 2046 வரைக்கும். இன்று பால் குடிக்கும் குழந்தை வேலை தேடும் காலத்தில், வேலை எந்தப் பக்கம் இருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

"நம்மகிட்ட யாரு கேட்கிறாங்க?" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கேட்க வழி இருக்கிறது. திட்டத்தின் நகல் வெளியானதும் ஆட்சேபம், ஆலோசனைகளை எழுத்தில் கொடுக்கலாம். 2022 நவம்பர் 1-ந் தேதி முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்தும் வழக்கமும் வந்தது. குழாய், சாக்கடை பற்றி மட்டும் அல்ல, சந்தை எங்கே, பஸ் எங்கே நிற்கவேண்டும், தள்ளுவண்டிக்கு இடம் எங்கே என்பதையும் அங்கே கேட்கலாம்.

கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகு கோட்டைக்கு ஓடிப் பயன் இல்லை. கோடு போடும்போதே பேசிவிட வேண்டும்!