கண்ணும் கணக்கும்

கணித்த வேளையில் கிரகணம் நிகழ்ந்துவிட்டால், கணித்தவர் வானத்தின் உண்மையை அறிந்துவிட்டார் என்று கொள்ளலாமா? அறிவியலின் மெய்யியலுக்கு உரமூட்டிய வினாக்களுள் இது தலையாயது.

நாவுலவிலிருந்து தம்புள்ளைக்குப் பேருந்தில் செல்வோர்க்குச் சாலையோர மரங்கள் பின்னோக்கி ஓடுவனபோலத் தோன்றும். ஓடத்தில் செல்வோனை இவ்வாறே உவமைகாட்டி, விண்மீன்கள் நகர்வதுபோலத் தோன்றுவதை விளக்கினார் 499ஆம் ஆண்டின் ஆரியபட்டர். பூமி தன்னைத்தானே சுழல்கின்றது என்பது அவர் துணிபு. 1543இல் வெளிவந்த தம் நூலில் கப்பலையே சான்றுகாட்டிய போலந்து நாட்டுக் கோப்பர்னிக்கஸ், பூமி சூரியனையும் சுற்றுகின்றது என்றார்.

அந்நூலின் அச்சுப்பணியை மேற்பார்த்த ஓசியாண்டர், தம் பெயரை மறைத்து ஒரு முன்னுரை சேர்த்தார். கருதுகோள் மெய்யாக இருக்க வேண்டியதில்லை. கணக்கு காட்சியோடு ஒத்தால் போதும் என்பது அதன் சாரம். கோப்பர்னிக்கசோ தாம் கூறியது மெய்யே என நம்பியவர். ஆனால் அவருடைய கணிப்பு, பூமியை நடுவில் வைத்த தொலமியின் கணிப்பைவிடப் பெரிதும் துல்லியமானதன்று. அவ்வாறாயின் ஒரு கொள்கையை எதனைக் கொண்டு ஏற்பது?

1609இல் ஓசியாண்டரின் பெயரை வெளிப்படுத்திய கெப்ளர், வழியும் காட்டினார். டைக்கோ பிராகியின் செவ்வாய் நோக்கீடுகளுக்கும் தம் கணக்குக்கும் இடையே 8 கலை வேறுபாடு கண்டார். முழுமதியின் அகலத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே அது! அதன்பொருட்டு, ஆயிரமாண்டுகளாகப் போற்றப்பட்ட வட்டப் பாதையையே கைவிட்டார். எனினும் வழக்கு முடிந்தபாடில்லை. 1908இல் பிரெஞ்சு அறிஞர் துயெம் ஓசியாண்டரின் பக்கமே நின்றார். அறிவியற் புரட்சி என்பது பார்வையே மாறுவது என 1962இல் தோமஸ் கூன் எழுதியபோதும், கோப்பர்னிக்கசே அவருக்கு முதன்மைச் சான்றானார்.

இவ்வினா நமக்கும் அயலானதன்று. கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களை நோக்கியவர். 1431இல் கணித முறையைத் திருத்தியமைத்தார். காட்சியோடு மாறுபடும் கணிதத்தைத் திருத்துவதே முறை என்று 1504இல் வாதிட்டார் நீலகண்ட சோமயாசி. நம் இல்லங்களில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வெவ்வேறாகக் கூறுகின்றனவன்றோ? 'திருக்' என்பது இங்கே பார்வையைக் குறிக்கும் வடசொல்.

பழைய வாய்பாட்டை மதிப்பது நன்றியுணர்வு. ஆயின் வானம் மறுக்கும்போது வாய்பாட்டைத் திருத்தத் துணிவதே அறிவியல். கெப்ளர் பொருட்படுத்திய 8 கலையைச் சிறிதென்று தள்ளியிருப்பின், கோள்களின் நீள்வட்டப் பாதை அவருக்குப் புலப்பட்டிராது.