பூட்டாமலே புதுப்பிக்கலாம்

பள்ளிவாசலைத் திருத்தும்போது நாம் ஜமாஅத்தை நிறுத்துவதில்லை. பக்கத்தில் கொட்டகை போட்டுத் தொழுகிறோம். நம் ஊர் மலர்களையும் படங்களையும் சேர்வரில் சேர்த்துப் பராமரிக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வதும் அதுதான்: மென்பொருளைப் புதுப்பிக்கக் கதவைப் பூட்டாதீர்கள்.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இயங்கும் மீடியாவிக்கியில் 'வாசிக்க மட்டும்' என்றொரு நிலை உண்டு. முதலில் பிரதியொன்றில் புதிய பதிப்பைச் சோதியுங்கள். புதுப்பிக்கும் நாளில் அந்த நிலைக்கு மாற்றி, தரவுத்தளத்தை மீண்டும் பிரதியெடுத்து, பிரதியைப் புதுப்பித்து, வாசகரை அதற்குத் திருப்புங்கள். எழுதுவதை நிறுத்தாமல் பிரதியெடுத்தால் இடையில் சேர்ந்தவை தொலையும். பழையதைச் சில நாள் அழிக்காதீர்கள். பிழைத்தால் அதற்கே திரும்பலாம்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றையும் விட்டு வந்தோம். மிஞ்சியதை அவசரத்தில் இழக்கக் கூடாது.