சாந்தோம் மணலுக்கு அடியில் மிதக்கும் நன்னீர்

சென்னை சாந்தோம் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய வீடுகளின் பின்கட்டில் உறைக்கிணறுகள் இன்னும் இருக்கின்றன. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் வாளி விட்டு இறைத்தால் உப்புக் கரிக்காத தண்ணீர் வரும். அலைச் சத்தம் கேட்கிற இடத்தில் தோண்டிய கிணற்றில் கடல்நீர்தானே ஊற வேண்டும்? நல்ல தண்ணீர் எப்படி வருகிறது?

விடை, எடையில் இருக்கிற சிறிய வித்தியாசம். ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். தராசின் ஒரு தட்டில் 40 மீட்டர் உயரக் கடல்நீர்த் தூணை வைத்தால், அதை ஈடுகட்ட மறுதட்டில் 41 மீட்டர் நன்னீர் வேண்டும். மணலுக்குள் நடப்பதும் இதுதான். மழைநீர் ஊறி, அதன் மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் மேலே நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை கடல்நீரை அது அழுத்தி வைத்துவிடும். கனமான உப்புநீரின் மேல் லேசான நன்னீர் மிதந்துகொண்டிருக்கும். 1880களின் இறுதியில் நெதர்லாந்தின் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் ஒருவரையொருவர் அறியாமல் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். ஹெர்ஸ்பெர்க் அப்போது வடகடலில் உள்ள நார்டெர்னை என்ற மணல் தீவுக்குக் குடிநீர் தேடிக்கொண்டிருந்தார்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வருகிறது. மேலே நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழே உப்புநீர் 40 மீட்டர் ஏறுவதற்கு வழி திறக்கிறது. சென்னைக் கரையில் களிமண் படலமும் பாறையும் குறுக்கே வருவதால் கணக்கு அப்படியே நடந்துவிடாது; ஆனால் போக்கு அதுதான். மேலே ஒரு சாண் இழந்தால் கீழே பல முழம் இழக்கிறோம். ஒருமுறை கிணறு உப்புத் தட்டிவிட்டால், அதை மீட்கப் பல மழைக்காலம் ஆகும்.

அந்த மட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது மழை. மழை உள்ளே போக வழிவிடுவது திறந்த மண். பட்டினப்பாக்கத்து மணலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். குடத்தைக் கீழே வைப்பதற்குள் ஈரத்தடம் மட்டும்தான் மிச்சமிருக்கும். அதே தண்ணீரைப் பேவர் பிளாக் பதித்த முற்றத்தில் கொட்டினால், கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடி, மழைநீர் வடிகால் வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

பெரிய அடுக்குமாடி வளாகங்களில் இன்னொன்றும் நடக்கிறது. கார் நிறுத்த ஒரு தளமோ இரண்டு தளமோ கீழே தோண்டுகிறார்கள். தோண்டும் மாதங்களில் ஊற்றுநீரை மோட்டார் வைத்து இரவு பகலாக வடிகாலுக்கு வெளியேற்றுகிறார்கள். பிறகு அந்தக் கார் நிறுத்தத்தின் கூரைமேல் மண் பரப்பிப் புல்தரை, ஊஞ்சல், நடைபாதை எல்லாம் அமைக்கிறார்கள். பார்க்கப் பச்சையாக இருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அதுவும் வேண்டியதுதான். ஆனால் மழையைப் பொறுத்தவரை அது இன்னொரு மொட்டைமாடி.

சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டுமான வட்டாரத்தில் இதை ஓஎஸ்ஆர் இடம் என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகவும் கட்டிவிடலாம். சொந்த நிலத்தை இலவசமாகப் பிடுங்குவது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 பிப்ரவரியில் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பணம் கட்டித் தப்பும் வழி கடற்கரைப் பகுதிக்காவது இருக்கக் கூடாது என்பது என் கருத்து. பணம் மண்ணுக்குள் ஊறாது.

அந்த 10 சதவீதம் எவ்வளவு தரும்? 1,000 சதுர மீட்டர் திறந்த மண் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் விழுவது 14 லட்சம் லிட்டர். ஆவியாகி, செடி குடித்தது போகப் பாதிதான் கீழே இறங்கியது என்றாலும், 12,000 லிட்டர் லாரிகள் 58 வந்து இறக்கியதற்குச் சமம்.

ஆனால் எந்த 10 சதவீதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் எஞ்சிய மூலையை ஒதுக்கினாலும் அளவு சரியாக வந்துவிடும். மனையின் தாழ்வான பகுதி, பழைய கிணறு, முதிர்ந்த பூவரசும் புங்கனும் நிற்கிற இடம் ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டுக் கட்டடத்தை மீதியில் வரைவதே முறை. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1970களில் எழுந்த வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பு அப்படித்தான் உருவானது. 70 ஏக்கர், 200க்கும் மேற்பட்ட வீடுகள். மழைநீருக்குக் குழாய் புதைக்காமல், வீடுகளின் பின்புறம் ஆழமில்லாத மண் ஓடைகளை விட்டார்கள். நகரப் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். பெருமழை வந்தபோது ஓடைகள் தாக்குப்பிடித்தன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்றின் கழிமுக ஓடையில் இடிபாடும் குப்பையும் குவிந்து கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, நீர்வழிகளை ஆழப்படுத்தி, நாட்டு மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். சுற்றிலும் மாடிகள் உயர்ந்த பிறகும் அங்கே நாரைகள் இறங்குகின்றன. ஆனால் தூர்ந்த ஓடையை மீட்க அரசுக்குக் கோடிக்கணக்கில் செலவானது. கட்டும் முன்பே ஒரு தாழ்வான இடத்தை விட்டுவைக்க வரைபடத்தில் ஒரு கோடு போதும்.

கடலோரத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். ஓஎஸ்ஆர் இடம் எது, தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா, தோட்டத்துக்கு அடியில் மண் இருக்கிறதா, கார் நிறுத்தமா என்று விசாரியுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில், முற்றத்தில் ஒரு பகுதி பேவர் பிளாக்கைப் பெயர்த்தெடுக்கலாம் என்று பேச்செடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.