சோடாபுட்டிக் கண்ணாடிக்குப் பின்னால்

சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்களில் சிலருக்கு நடுவயதுக்கு மேல் ஒரு கண் மெல்ல மூக்குப் பக்கம் திரும்பி, கீழேயும் இறங்கும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். பிறகு அந்தக் கண்ணை வெளிப்பக்கமோ மேலேயோ திருப்பவே வராது. முற்றிவிட்டால் கருவிழி மூக்கோரத்தில் ஒளிந்துகொள்ளும். மைனஸ் 15, மைனஸ் 20 என்று பவர் ஏறியவர்களுக்கு இப்படி ஒரு மாறுகண் வரும் என்பது கண் மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். ஏன் வருகிறது என்பதுதான் 1990கள் வரை பிடிபடவில்லை.

அன்றைய சோதனைகள் எல்லாம் கண்ணை வெளியிலிருந்து பார்ப்பவை. ஒரு கண்ணை மறைத்து மற்றது நகர்வதைக் கவனிப்பார்கள். பட்டகம் வைத்து விலகலை அளப்பார்கள். பின்னாளில் 1949இல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ், இளம் கண் மருத்துவராக இருந்தபோது உருவாக்கிய திரையில் எந்தத் தசை பின்தங்குகிறது என்று குறிப்பார்கள். மரத்துப்போக மருந்து விட்டு, இடுக்கியால் கண்ணைப் பிடித்து இழுத்தும் பார்ப்பார்கள். இழுத்தும் வராவிட்டால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்று பொருள். எது தடுக்கிறது? நீண்டு பெருத்த கண் தன் கனத்தால் சரிகிறது என்றார்கள் சிலர். 'கனத்த கண்' என்ற பெயரே அப்படி வந்தது. தசையில் அழற்சி என்றனர் வேறு சிலர். ஆறாம் மூளை நரம்பின் வாதமென்றோ தைராய்டு கோளாறென்றோ இதைத் தவறாக எண்ணவும் இடமிருந்தது.

சிகிச்சையும் அந்த ஊகத்தின் வழியே போனது. உள்பக்கத் தசையைத் தளர்த்தி, வெளிப்பக்கத் தசையை வெட்டிச் சுருக்கித் தைத்தார்கள். பலருக்குக் கண் மீண்டும் உள்ளே போய்விட்டது. நோயாளி பட்ட வலிக்குப் பலனில்லாமல் போனதுதான் இதில் மிகவும் வருத்தம் தருவது.

எது தடுக்கிறது என்ற கேள்வியை 1990களில் எம்.ஆர்.ஐ. படம் தீர்த்தது. 1997இல் ஜெர்மனியின் கீசன் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வெளிப்பக்கத் தசை தன் இடத்தைவிட்டுக் கீழே நழுவியிருப்பது தெரிந்தது. இயல்பான கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். இவர்களில் பலருக்கு அது 30ஐ நெருங்கும், தாண்டும். அவ்வளவு நீண்ட கண், மேல் தசைக்கும் வெளிப்பக்கத் தசைக்கும் நடுவே பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. மேல் தசை மூக்குப் பக்கம் ஒதுங்குகிறது. வெளிப்பக்கம் திருப்ப வேண்டிய தசை, இடம் மாறியதால் கண்ணைக் கீழே இழுக்கிறது. இயல்பில் இந்த இரு தசைகளுக்கும் இடையே 100 டிகிரி அளவில் இருக்கும் கோணம், முற்றியவர்களிடம் 180 டிகிரி வரைகூட விரிகிறது. தசை வலுவிழக்கவில்லை, அதன் பாதைதான் பிசகியது. அந்தத் தசையைச் சுருக்கினால் இன்னும் கீழேதானே இழுக்கும்!

இந்தப் புரிதலிலிருந்து பிறந்ததுதான் ஒசாகாவின் சுரானு யோகோயாமா வகுத்த அறுவை. மேல் தசையையும் வெளிப்பக்கத் தசையையும் வெட்டாமல், பிரிந்துபோன இரண்டையும் தையலால் ஒன்றாகக் கட்டுகிறார்கள். பிதுங்கிய கண் தசைகளுக்கு நடுவே தன் இடத்துக்குத் திரும்புகிறது.

இன்னொரு திருத்தமும் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் ஜோசப் டெமெர் குழுவினர், வயதால் தசைகளுக்கு இடையிலான இணைப்புத்திசு தளர்ந்தாலும் தசை நழுவி இரட்டைப் பார்வை வரும் என்று காட்டினார்கள். கிட்டப்பார்வை மிகுந்தவருக்கும் அந்தத் தளர்ச்சியே காரணமாக இருக்கலாம். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். படம் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். என் பார்வையில், அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் அந்தப் படத்தை எடுக்காமல் விடுவதற்கு இன்று நியாயமே இல்லை.

அன்று இருந்து இன்று மறைந்த தடயம் ஒன்று உண்டு, அந்தத் தடித்த கண்ணாடி. நோயாளி உள்ளே நுழைந்தவுடன் மருத்துவருக்கு அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இன்று லேசர் செய்தோ, கண்புரை அறுவையில் லென்ஸ் வைத்தோ கண்ணாடியைக் கழற்றிவிடுகிறோம். பவர் போனாலும் கண்ணின் நீளம் குறைவதில்லை. ஆகவே பழைய கண்ணாடிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரட்டைப் பார்வை என்று மருத்துவரிடம் போகும்போது, முன்பு உங்களுக்கு இருந்த பவரை முதலில் சொல்லுங்கள்.