மூச்சை அடைத்த சின்னக் குளிசை

என் உம்மாவுக்குத் தொய்வு வருத்தம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அவரோடு இருக்கிறது. 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் புறப்பட்டு கல்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது எங்கள் கையில் இருந்தது ஓர் உடுப்புப் பையும் உம்மாவின் மருந்துப் போத்தலும்தான். கடல் ஈரத்தில் அன்று அவர் இழுத்த இழுப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு கிடுகுக் குடிசை, விறகுப் புகை, ஒரே அறையில் சமையலும் படுக்கையும். கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வரும் மாதங்களில் இந்தக் கரையோரத்தில் எத்தனை பெண்கள் இரவில் எழுந்து குந்திக்கொண்டு விடியும்வரை மூச்சுக்குப் போராடுகிறார்கள் என்பது அந்தந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

2005ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது உம்மா பம்ப் பாவிப்பதில்லை. "பம்ப் எடுத்தா பிறகு அது இல்லாம இருக்க ஏலாது" என்று யாரோ சொன்னதை நம்பி, கடையில் துண்டு இல்லாமல் வாங்கிய சல்பியூட்டமோல் குளிசையையே நாளுக்கு மூன்று, நான்கு என்று விழுங்கி வந்தார். இழுப்புக் குறையும், ஆனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். படபடப்பு அகதி வாழ்க்கையின் யோசனையால் வருகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கும் படபடப்பு இருந்தது. சத்தம் கேட்டால் திடுக்கிடுவார். இரவில் வியர்த்து எழும்புவார். அவருக்கு கிளினிக்கில் புரொப்ரனலோல் என்ற சின்னக் குளிசை கொடுத்திருந்தார்கள். நல்ல மனதோடுதான் ஒரு மாலை அவர் அதைக் கொண்டு வந்தார்.

"இதுல ஒண்டு போடுங்க மாமி. எனக்கு நெஞ்சிடி நிண்டது இதாலதான்."

உம்மா போட்டார். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, நெஞ்சு கட்டத் தொடங்கியது. வழமையான சல்பியூட்டமோல் குளிசையைக் கொடுத்தோம், கேட்கவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது அவரது உதடு நீலம் பாரித்திருந்தது, ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல முடியவில்லை. என்ன மருந்து எடுத்தார் என்று வைத்தியர் கேட்டார். நல்ல காலம், ராத்தா அந்தக் குளிசைக் கடதாசியைக் கையில் பொத்திக்கொண்டே எங்களோடு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் வைத்தியர் தலையில் கை வைத்தது எனக்கு மறக்காது.

மூன்றாம் நாள், உம்மா எழுந்து உட்கார்ந்த பிறகு, அந்த வைத்தியர் எனக்கு விளக்கம் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

நாம் சொல்லாமலே வேலை செய்யும் தசை

நமது உடலில் கையையும் காலையும் அசைக்கும் தசை நம் சொல் கேட்கும். ஆனால் நம்மைக் கேளாமலே சுருங்கி விரியும் இன்னொரு தசையும் உண்டு. பாடப்புத்தகத்தில் அதற்கு மழமழப்பான தசை என்று பெயர். மூச்சுக் குழல்களைச் சுற்றியும், குடல், கருப்பை, சிறுநீர்ப்பை, இரத்தக் குழாய் ஆகியவற்றின் சுவர்களிலும் அது இருக்கிறது. தொய்வு இழுக்கும்போது மூச்சுக் குழலைச் சுற்றியுள்ள இந்தத் தசை இறுகி, குழலை நெரிக்கிறது. குழலின் உட்புறமும் வீங்கி, சளி கட்டுகிறது. பாதை ஒடுங்கிவிட்டதால் உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் சீட்டி அடிக்கிறது.

இந்தத் தசையின் மேல் சிறு பூட்டுகள் போன்ற இடங்கள் உள்ளன. பயந்தாலோ ஓடினாலோ நமது உடலில் அதிரினலின் சுரக்கிறதல்லவா, அது மூச்சுக் குழலில் உள்ள பூட்டில் சாவிபோல் பொருந்தித் தசையைத் தளர்த்துகிறது. 1969ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த சல்பியூட்டமோல் அந்தச் சாவியைப் பார்த்துச் செய்த சாவி. நீல நிறப் பம்பில் இருப்பது அதுதான்.

புரொப்ரனலோல் இதற்கு நேர்மாறு. அதே பூட்டின் துவாரத்துக்குள் போய் இருந்துகொள்ளும், ஆனால் திறக்காது. வேறு சாவி நுழையவும் விடாது. ஜேம்ஸ் பிளாக் என்ற அறிஞர் 1960களில் கண்டுபிடித்த இந்த மருந்து இருதய நோயாளர் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நெஞ்சிடி, நடுக்கம், ஒற்றைத் தலைவலி எல்லாவற்றுக்கும் நல்ல மருந்துதான். தொய்வுக்காரருக்கு மட்டும் அது ஆகாது. இருதயத்தின் பூட்டை மூடப் போகும் மருந்து, மூச்சுக் குழலின் பூட்டையும் சேர்த்து மூடிவிடுகிறது. உம்மாவுக்கு நாங்கள் கொடுத்த சல்பியூட்டமோல் அன்று வேலை செய்யாமல் போனது அதனால்தான்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் எப்படிப் பிழைத்தார்? ஒட்சிசனோடு, இப்ரற்றோப்பியம் என்ற வேறொரு மருந்தையும் புகையாக்கிக் கொடுத்தார்கள். அது வேறு பூட்டுக்குப் போகும் மருந்து. தசையை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் கட்டளையை அது தடுக்கிறது. இதன் மூலம் நமக்குப் புதிதல்ல. ஊமத்தையின் புகையைத் தொய்வுக்கு இழுக்கும் வழக்கம் நமது பக்கத்தில் பழையது. 1802 அளவில் சென்னையிலிருந்துதான் அந்த வழக்கம் இங்கிலாந்துக்கே போனது. ஊமத்தையில் உள்ள அத்திரப்பீன் என்னும் பொருளைத் திருத்தி, மூச்சுக் குழலோடு பெரும்பாலும் நின்றுவிடும்படி செய்ததே இப்ரற்றோப்பியம். இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையைப் பறிக்கப் போக வேண்டாம். அளவு கொஞ்சம் மீறினாலும் சித்தம் கலங்கும், உயிரும் போகும்.

கை நடுக்கம் எங்கிருந்து வந்தது?

அகதி வாழ்க்கையின் யோசனை என்று நாங்கள் நினைத்தது பெரும்பாலும் குளிசையின் வேலை. கணக்கைப் பாருங்கள். நீலப் பம்பின் ஓர் அமுக்கில் இருப்பது 100 மைக்ரோகிராம் மருந்து. 4 மில்லிகிராம் குளிசை ஒன்றில் இருப்பது 4000 மைக்ரோகிராம், அதாவது நாற்பது அமுக்கின் அளவு. பம்ப் மருந்து நேரே நெஞ்சுக்குப் போகிறது. குளிசையோ வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையையும் இருதயத்தையும் ஆட்டிவிட்டு மிச்சத்தைத்தான் நெஞ்சுக்குக் கொடுக்கிறது. பம்புக்குப் பயந்து குளிசையைப் பிடித்தது எவ்வளவு தலைகீழான காரியம்!

பம்ப் பழக்கமாகிவிடும் என்பது வீண் பயம். கர்ப்பிணிகளும் அதை நிறுத்தக் கூடாது; தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். ஆனால் நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பதும் தவறு. அது தசையைத் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்காது. வீக்கத்துக்கு ஸ்டீரொயிட் பம்ப் வேண்டும். நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் மண்ணிறத்தில் தருவது அதுவே. இழுப்பு இல்லாத நாளிலும் வைத்தியர் சொன்னபடி அதை எடுத்து, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். பெரியவர்களுக்கு நீலப் பம்ப் மட்டும் கொடுப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலகத் தொய்வு நிபுணர் குழு 2019இல் அறிவித்துவிட்டது. வருடத்துக்கு மூன்று நீலப் பம்புக்கு மேல் முடிகிறதென்றால் உங்கள் வருத்தம் அடங்கவில்லை என்று அர்த்தம்.

பம்பை வாயில் வைத்து அமுக்கும் நேரமும் மூச்சை இழுக்கும் நேரமும் பலருக்குப் பொருந்துவதில்லை. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இதற்கு இடையில் பொருத்தும் கூடு கடையில் விலை. 1999இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் தொய்வோடு வந்த பிள்ளைகளை வைத்துப் பரீட்சித்தபோது, சாதாரண 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் அந்தக் கூட்டின் வேலையைச் செய்தது. போத்தலைக் கழுவிக் காயவைத்து, அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகும் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் ஒட்டிவிட வேண்டும். மறுமுனையான போத்தல் வாயைப் பிள்ளை வாயில் வைத்து மூச்செடுக்கும். ஒரு தடவைக்கு ஓர் அமுக்கு, ஐந்தாறு மூச்சு. பிறகு அடுத்த அமுக்கு. நான்கு அமுக்கு எடுத்தும் இழுப்புத் தணியவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலம் என்றால் வீட்டில் மினக்கெடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் வழியிலும் கொடுத்துக்கொண்டே போகலாம்.

இந்தத் தசையின் கதை நெஞ்சோடு முடியவில்லை. மாதவிடாய் நாளில் அடிவயிற்றைப் பிசைவது கருப்பையின் தசை. அதை இறுக்கும் பொருள் உடலில் உண்டாவதை மெபெனமிக் அசிட் குளிசை குறைக்கிறது. ஆனால் அஸ்பிரினும் இந்த வகை வலிக் குளிசைகளும் சில தொய்வுக்காரருக்கு இழுப்பைக் கிளப்பும் என்பதை மறக்க வேண்டாம். பிள்ளை பிறந்ததும் தாதி போடும் ஒட்சிரோசின் ஊசியோ தசையைத் தளர்த்துவதில்லை, இறுக்குகிறது. கருப்பை இறுகினால்தான் அதன் ஊடாகப் போகும் இரத்தக் குழாய்கள் நெரிபட்டு இரத்தப் போக்கு நிற்கும். அந்த ஒரு ஊசி இல்லாமல் நம் பாட்டிமார் காலத்தில் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

ராத்தா பல நாள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. உம்மாதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது உம்மாவின் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்பு மையால், "தொய்வு உண்டு, புரொப்ரனலோல் கொடுக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். பல்லுப் பிடுங்கப் போனாலும் கண்ணுக்குத் துளி மருந்து எடுக்கப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவார். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் துளியும் இதே இனம்தான். கண்ணில் விட்டது நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று முதலில் எங்களை மறித்துக் கேட்டவர், இப்போது மற்றவர்களுக்கு அதை விளக்குகிறார்.

ராத்தாவும் தன் குளிசைகளை ஒரு டின்னில் போட்டு, தன் பெயரை எழுதி மூடி வைத்திருக்கிறார்.