சுறாவை எண்ணும் ஆயிரங்கால் தூண்டில்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் சுறா பிடிக்க இறக்குவது ஆயிரங்கால் தூண்டில். அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையில் அதே வகைத் தூண்டிலைச் சுறாக்களைக் கணக்கெடுக்க இறக்குகிறார்கள். வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தில் 1970களில் ஆய்வாளர் ஜாக் மியூசிக் தொடங்கிய வேலை இது.

நீண்ட தாய்க்கயிறு, அதில் இடைவெளிவிட்டுத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த முள், இருபுறமும் நங்கூரமும் மிதவையும். கருவி அவ்வளவுதான். இழுவலை வந்தால் பெரிய சுறா விலகி ஓடிவிடும். இரையைத் தேடியோ தானே வரும்.

மீனவர் மீன் இருக்கும் இடம் தேடிப் போவார். கடலில் மீன் குறைந்தாலும், மிச்சமுள்ள கூட்டத்தை அவருடைய அனுபவம் கண்டுபிடித்துவிடும். பிடிபடும் அளவு குறையாததுபோலவே தோன்றும். ஆய்வாளர் அப்படிச் செய்யக் கூடாது. போன ஆண்டு ஒன்றுமே சிக்காத இடத்துக்கும் இந்த ஆண்டு போகவேண்டும். அதே வகை முள், அதே நேர அளவு. வெறும் முள்ளாகத் திரும்பினால் அதையும் எழுதிவைக்கவேண்டும். இத்தனை முள், இத்தனை மணி நேரம், இத்தனை சுறா என்ற விகிதம்தான் அவர்களுக்குத் தேவை. கடலில் மொத்தம் எத்தனை சுறா என்று அது சொல்லாது. கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்லும். ஆண்டுக்கொரு முறை கருவியை மாற்றினால் அதுவும் போய்விடும். இந்த வேலையில் நான் மிக மதிப்பது இந்தப் பிடிவாதத்தைத்தான்.

சிக்கிய சுறாவின் நீளத்தை அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, முதுகுத் துடுப்பருகே எண்ணிட்ட அடையாளக் குறி பொருத்திக் கடலில் விடுகிறார்கள். பெரியவற்றைப் படகில் ஏற்றாமல் பக்கவாட்டிலேயே வைத்து வேலையை முடிப்பார்கள். பின்னாளில் எங்காவது யாராவது அதைப் பிடித்துத் தகவல் அனுப்பினால், போன தூரமும் வளர்ந்த அளவும் தெரியும்.

1970களுக்கும் 1990களின் தொடக்கத்துக்கும் இடையில் சேண்ட்பார் சுறாவும் டஸ்கி சுறாவும் வெகுவாகக் குறைந்ததை இந்தத் தூண்டில்கள் காட்டின. அமெரிக்க அட்லாண்டிக் சுறாக்களுக்கான முதல் மேலாண்மைத் திட்டம் 1993இல் வந்தது. தென்கிழக்குக் கரையின் ஆறு கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, பல இனங்கள் மீளத் தொடங்கியிருப்பதாகச் சொன்னது. சேண்ட்பார் சுறா பருவமடையப் பத்தாண்டுக்கு மேலாகும். பிறகும் ஆண்டுதோறும் குட்டி போடாது. அதன் ஒரு தலைமுறை மீள்கிறதா என்று பார்க்கவே பல பத்தாண்டுகள் அதே இடங்களில் தூண்டில் இறக்கவேண்டும்.