பிள்ளை சொன்னால் நம்புவோம், பெற்றோருக்குத் துணை நிற்போம்



பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அடுத்த வீட்டுப் பெண் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "அக்கா, என் மகள் டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள். காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை" என்றாள். நான் பெரிய மனுஷி மாதிரி, "படிக்கச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்கிறாள். இரண்டு அடி போட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டேன். அவளும் அப்படியே செய்தாள். குழந்தை ஏன் அழுதாள் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மானத்துக்கு அஞ்சி அந்தக் குடும்பம் புகார் கொடுக்காமல் ஊருக்கே கப்பலேறிவிட்டது. தப்புச் செய்தவன் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடந்தான். அன்று நான் சொன்ன வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது. இதை எழுதக் காரணம் அதுதான்.

தீவு வாழ்க்கையின் நிலை

ஊரில் என்றால் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே அவர்களுக்கும் நமக்கும் இடையே மூன்று நாள் கப்பல் பயணம். அப்பா கடலுக்கோ காண்டிராக்ட் வேலைக்கோ போய்விடுகிறார். அம்மாவுக்கும் வேலை. பள்ளி விட்டு வரும் பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும், அல்லது தனியாக இருக்கும். ஒருவரை ஒருவர் நம்பி வாழ்வதுதான் நமக்குப் பலம். அந்த நம்பிக்கைக்குள்தான் ஆபத்தும் ஒளிந்துகொள்கிறது.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு அது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தனர். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டிருந்தனர். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்வதில்லை?

"அடியாத மாடு படியாது" என்று நாம் பழகிவிட்டோம். அடிக்குப் பயந்த பிள்ளை, கண்ணாடி டம்ளரை உடைத்ததையே மறைக்கும். இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படிச் சொல்லும்? தன் மீதே தப்பு என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே பாதுகாப்பின் முதல் படி, வீட்டில் அடியைக் குறைத்துப் பேச்சைக் கூட்டுவது. தினம் பத்து நிமிஷமாவது, "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். உடலில் மறைவான இடங்களை யாரும் தொடக்கூடாது, தொட்டால் மாமாவானாலும் ஆசிரியரானாலும் எங்களிடம் சொல்லலாம் என்று சிறு வயதிலேயே சொல்லிக் கொடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட இடத்துக்கோ ஆளிடமோ போகத் திடீரென மறுப்பது, தூக்கத்தில் அலறுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, கலகலப்பான பிள்ளை ஒடுங்கிப்போவது ஆகியவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் விசாரிக்காமல் விடக்கூடாது.

பிள்ளை சொல்லிவிட்டால்

"நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும். பத்துப் பேர் பத்து முறை துருவிக் கேட்க வேண்டாம். சம்பவம் அண்மையில் நடந்திருந்தால், குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவசர சிகிச்சைக்குப் போலீஸ் கடிதம் கேட்டு மருத்துவமனை காக்க வைக்கக்கூடாது.

போக்சோ என்று அழைக்கப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிறையாத ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. அந்நாளில் நான் வாய்மூடி இருந்ததைப்போல இன்று ஒருவர் இருந்தால் அதுவே குற்றம்.

காவல் நிலையம் என்றதும் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வரவேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. குழந்தையின் பெயரோ படமோ முகவரியோ பத்திரிகையில் வரக்கூடாது. வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் அமர்த்தித் தரும்.

நமக்கு முக்கியமான ஒன்று மொழி. வாக்குமூலம் எழுதும் மொழி குழந்தைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்தி சரளமாக வராத குடும்பம் தயங்காமல் அதைக் கேட்கலாம்.

1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 1996-இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவை 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில், 112 அவசர எண்ணோடு இணைந்து நடக்கிறது.

நாம் செய்யக்கூடியது

சட்டம் வழக்கை நடத்தும். அடுப்பில் உலை வைக்காது. ஹட்பேயிலிருந்தோ கச்சாலிலிருந்தோ ஒரு தாய் வழக்குக்காகக் கப்பலில் போர்ட் பிளேர் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) வந்தால், தங்க ஓர் அறை வேண்டும். மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் கூட வர, இந்தி தெரிந்த ஒரு பெண் வேண்டும். எல்லாவற்றையும்விட, "ஏன் வெளியே சொன்னாய்?" என்று கேட்காத அக்கம்பக்கம் வேண்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் என்பது நாம்தானே? நம் வாயை நாமே மூடலாம்.

குற்றம் நடந்த பிறகுதான் உதவ வேண்டும் என்பதில்லை. மாலை நேரத்தில் நாலைந்து தாய்மார்கள் முறைவைத்து, கதவு திறந்த பொதுவிடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். டியூஷனைத் தனி அறையில் நடத்தாமல் சங்க மண்டபத்திலோ கோயில் திண்ணையிலோ நடத்தலாம். கணவன் குடித்துவிட்டு அடிக்கும் வீட்டை, "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று கடந்து போகாமல் இருக்கலாம்.

2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தபோது, தகரக் கொட்டகைகளில் ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் சோறு ஊட்டினோம். எந்த ஊர், எந்த சாதி என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்த மனம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அடுத்த வீட்டுத் தங்கை ஒருத்தி நாளை உங்கள் வாசலில் வந்து, "அக்கா, பிள்ளை அழுகிறாள்" என்றால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். "உள்ளே வா, இரண்டு பேரும் உட்காருங்கள்" என்று சொல்லுங்கள்.